அழிய மறுக்கும் புரதங்கள்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய சிறப்புரையின் எழுத்து வடிவம்)



மருத்துவம் சார்ந்த விடயம் ஒன்றைப் பேசும்படி சங்கச் செயலாளர் கேட்டார். "நீரிழிவு, பிறசர், கொலஸ்ரோல் எல்லாம் முந்திய வருடங்களில் பேசியாச்சு. புதிசா ஒன்று சொல்லுங்கோ" என்றும் சேர்த்துச் சொன்னார். ஆகவே எனது கிளினிக்கில் அடிக்கடி சந்திக்கும் நோய் ஒன்றையும், அந்த நோய் குறித்து உலகின் ஆய்வுகூடங்களில் இப்போது நடக்கும் தேடல் ஒன்றையும் எடுத்துக்கொண்டேன். நோய், ஈரல் புற்றுநோய். தேடல், புரதங்களை அழியவிடாமல் காக்கும் சில நொதியங்களைப் பற்றியது. முன்வரிசையில் உயர்தர உயிரியல் மாணவியர் இருக்கிறார்கள். பின்வரிசையில் பேரப்பிள்ளைகளோடு வந்த அக்காமார் இருக்கிறார்கள். இரு சாராருக்கும் விளங்கும்படி பேச முயல்கிறேன்.

ஒரு கேள்வியும் அதன் பின்னாலுள்ள கூச்சமும்

குடலிலோ மார்பிலோ தோன்றிய புற்றுநோய் ஈரலுக்குப் பரவுவதுண்டு. அது வேறு. நான் பேசப்போவது ஈரலிலேயே பிறக்கும் புற்றுநோயை. 2022 ஆம் ஆண்டில் உலகம் முழுவதிலும் ஏறத்தாழ 8 இலட்சத்து 66 ஆயிரம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் ஏறத்தாழ 7 இலட்சத்து 58 ஆயிரம் பேர் அதனால் இறந்தார்கள். இந்த இரண்டு எண்களும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலானோரில் நோய் முற்றிய பின்னரே தெரியவருகிறது என்பதற்கு அதுவே சாட்சி.

உலகின் பல பகுதிகளில் இதற்குப் பெருங்காரணம் ஈரல் அழற்சி பி வைரசு. தாய்வான் நாடு 1984 இல் பிறந்த குழந்தைகளுக்கு இவ்வைரசுக்கான தடுப்பூசியை ஏற்றத் தொடங்கியது. பத்தாண்டு செல்வதற்குள் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் ஈரல் புற்றுநோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. புற்றுநோயைத் தடுப்பூசியால் தடுக்கலாம் என்பதற்கு அதுவே முதற் சான்று. எமது நாட்டில் இவ்வைரசின் பரவல் முன்னரே குறைவு. 2003 இல் இத்தடுப்பூசி எமது தேசியத் திட்டத்திலும் சேர்க்கப்பட்டது.

அப்படியானால் எமது நாட்டவருக்கு இந்நோய் ஏன் வருகிறது? மதுசாரம் ஒரு காரணம். மற்றைய காரணம் கொழுப்பு ஈரல். ராகமையில் நடுத்தர வயதினரிடையே நடத்தப்பட்ட பெரிய ஆய்வொன்றில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, மதுவோடு தொடர்பில்லாத கொழுப்பு ஈரல் இருந்தது. இவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வராது. ஆனால் சிலரில் கொழுப்பு அழற்சியாகி, அழற்சி தழும்பாகி, தழும்பு முற்றி ஈரல் இறுகிவிடுகிறது. மருத்துவத்தில் அதைச் சிரோசிஸ் என்போம். அந்த இறுகிய ஈரலிலேதான் பெரும்பாலும் புற்றுநோய் முளைக்கிறது.

கிளினிக்கில் பெண்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது: "டொக்டர், நான் ஒருநாளும் குடிச்சதில்லை. எனக்கேன் ஈரல் வருத்தம்?" கேட்கும்போது குரல் தாழ்ந்துவிடும். கூட வந்த மருமகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஈரல் வருத்தம் என்றாலே குடி என்று ஊர் நினைப்பதால், வருத்தத்தை மறைத்து, பரிசோதனைகளைத் தள்ளிப்போட்டு, வயிற்றில் நீர் கோத்த பிறகு வரும் பெண்கள் பலர். அந்தக் கேள்விக்குரிய விடையின் ஒரு பகுதி கலத்துக்குள்ளே இருக்கிறது. அங்கே போவோம்.

வளரவும் தெரியும், நிறுத்தவும் தெரியும்

எமது உடலுறுப்புகளில் ஈரல் தனிச்சிறப்புடையது. எலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தாலும், ஒரிரு வாரத்தில் அது பழைய பருமனுக்கு வளர்ந்துவிடும். மனிதரிலும் ஈரலின் ஒரு பகுதியைத் தானம் செய்தவருக்கு எஞ்சிய பகுதி சில மாதங்களில் பெருமளவு வளர்ந்துவிடுகிறது. ஆனால் இதில் வியக்க வேண்டிய விடயம் வளர்வது மட்டுமல்ல. உரிய பருமனை அடைந்ததும் அது நின்றுவிடுகிறது.

எப்படி நிற்கிறது? 2007 இல் வெளிவந்த ஆய்வுகள் இதற்கு ஒரு வெளிச்சம் தந்தன. யாப் என்றொரு புரதம் இருக்கிறது. சுண்டெலிகளின் ஈரலில் இந்தப் புரதத்தை அளவுக்கு மீறிச் செயற்படவிட்டபோது, சில வாரங்களில் ஈரல் ஏறத்தாழ நான்கு மடங்காகப் பெருத்தது. யாப்பை நிறுத்தியதும் ஈரல் மீண்டும் சுருங்கியது. நிறுத்தாமல் விட்டபோது புற்றுநோய்க் கட்டிகள் தோன்றின. ஆக, வளர்ச்சியைத் தூண்டும் புரதம் வேலை முடிந்ததும் அகல வேண்டும். அகலாவிட்டால் ஆபத்து.

வைரசாலோ மதுவாலோ கொழுப்பாலோ ஆண்டுக்கணக்கில் காயப்படும் ஈரல், திரும்பத் திரும்ப வளரவும் திரும்பத் திரும்ப நிறுத்தவும் வேண்டியிருக்கிறது. நிறுத்துவது எங்காவது ஒரு கலத்தில் தவறினாற் போதும்.

மதிலிலே சிவப்புக் குறி

கலத்துக்குள் புரதங்கள் ஆக்கப்படுவது பற்றி வகுப்பில் நிறையப் படிக்கிறோம். அவை அழிக்கப்படுவது பற்றிக் குறைவாகவே படிக்கிறோம். எமது கண் வில்லையிலுள்ள புரதங்கள் ஆயுள் முழுவதும் நிலைக்கின்றன. ஆனால் கலப்பிரிவைத் தூண்டும் மிக் என்ற புரதமும், புற்றுநோயிலிருந்து எம்மைக் காக்கும் பி53 என்ற புரதமும் வழமையான கலத்தில் அரை மணித்தியாலத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடும். ஒரு பாடவேளை முடியுமுன் பாதி போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கலம் அவற்றை ஆக்கிக்கொண்டே அழித்துக்கொண்டும் இருக்கிறது. ஏன் இந்த வீண்செலவு என்று தோன்றலாம். தேவைப்படும் கணத்தில் கூட்டவும், தேவை முடிந்த கணத்தில் குறைக்கவும் இதைவிட விரைவான வழி கலத்திடம் இல்லை.

1953 இலேயே எலியின் ஈரல் துண்டுகளில் ஓர் அதிசயம் கவனிக்கப்பட்டது. புரதங்களை உடைப்பதற்கும் கலம் சக்தியைச் செலவிடுகிறது. மதிலைக் கட்டுவதற்குக் கூலி கொடுப்பது சரி, தானே விழக்கூடிய மதிலை இடிப்பதற்கும் ஏன் கூலி? இதற்கான விடை 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் கிடைத்தது. இஸ்ரேலின் அவ்ராம் ஹெர்ஷ்கோ, ஆரன் சீக்கனோவர், அமெரிக்காவின் ஏர்வின் றோஸ் ஆகிய மூவரும், முயலின் முதிராச் செங்குருதிக் கலங்களை வைத்து அதைக் கண்டறிந்தார்கள். 2004 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு அவர்களுக்கு வழங்கப்பட்டது.

அவர்கள் கண்டதை எமது ஊர்க் காட்சி ஒன்றால் சொல்கிறேன். வீதியை அகலமாக்கும்போது, இடிக்க வேண்டிய மதில்களில் முதலில் சிவப்புப் பெயின்ரால் குறி போடுவார்கள். பிறகுதான் பெக்கோ வரும். பெக்கோ சாரதி ஒவ்வொரு மதிலாக ஆராய்ந்து பார்ப்பதில்லை. குறி இருந்தால் இடிப்பார், இல்லாவிட்டால் தாண்டிப் போவார். கலத்திலும் அப்படியே. அங்கே சிவப்புக் குறி, 76 அமினோ அமிலங்களாலான யுபிகுயிற்றின் என்ற சிறு புரதம். பெக்கோ, புரோற்றியசோம் என்ற உருளை வடிவான பெரிய இயந்திரம். அழிக்க வேண்டிய புரதத்தில் யுபிகுயிற்றின் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலிபோல் ஒட்டப்படும். வழமையாக நான்கோ அதற்கு மேலோ சேர்ந்ததும் புரோற்றியசோம் அந்தப் புரதத்தை உள்ளிழுத்துத் துண்டாடும். குறியை ஒட்டும் வேலையைச் செய்ய மூன்று படிகளில் நொதியங்கள் உள்ளன. எந்தப் புரதத்தில் குறி போடுவது என்று தெரிவுசெய்யும் மூன்றாம் படியில் மட்டும் மனிதருக்கு 600 அளவில் நொதியங்கள் இருக்கின்றன. இடிப்பதற்குக் கூலி ஏன் என்று இப்போது விளங்கும். பிழையான மதிலை இடித்துவிடாமல் இருப்பதற்கான விலை அது.

குறியை அழிப்போர்

இனி எமது கதையின் முக்கிய பாத்திரத்துக்கு வருகிறேன். இரவோடிரவாக யாரோ வந்து மதிலிலிருந்த சிவப்புக் குறியைத் துடைத்துவிட்டால் என்ன நடக்கும்? மதில் தப்பிவிடும். கலத்திலும் இப்படிக் குறியை வெட்டியகற்றும் நொதியங்கள் உண்டு. மனிதரில் இவை ஏறத்தாழ நூறு. குறி அகன்றதும் அழியவிருந்த புரதம் நிலைபெற்றுவிடுகிறது.

இந்தக் கல்லூரியின் பிள்ளைகளுக்காக ஒரு பெயரைச் சொல்ல விரும்புகிறேன். சிசில் பிக்கார்ட் என்ற அமெரிக்க உயிர்இரசாயனவியலாளர், இளம் ஆய்வாளராக றோஸின் ஆய்வுகூடத்தில் இருந்தபோது, 1980களின் நடுப்பகுதியில் இத்தகைய நொதியங்களை ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர். பின்னர் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் யுபிகுயிற்றின் சங்கிலிகளைப் பற்றி அவர் செய்த வேலை இத்துறைக்கு அத்திவாரமானது. 2006 இல் இளமையிலேயே அவர் காலமானார்.

குறியழிக்கும் நொதியங்கள் தம்மளவில் தீயவை அல்ல. பிழையாகக் குறி விழுந்த புரதங்களை மீட்பதும், பயன்படுத்திய யுபிகுயிற்றினைத் திரும்ப எடுப்பதும் அவற்றின் அன்றாட வேலை. பிரச்சினை, புற்றுநோய்க் கலம் தனக்கு வேண்டியவற்றை மிகையாக ஆக்கிக்கொள்ளும்போது எழுகிறது.

முதலாவது உதாரணம் யூ.எஸ்.பி.7. கணினியில் செருகுகின்ற பொருள் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல, பெயர் அப்படி அமைந்துவிட்டது. பி53 எமது கலத்தின் காவலர். மரபுப் பொருள் பழுதானால் கலப்பிரிவை நிறுத்துவார், அல்லது அந்தக் கலத்தையே இறக்கச் செய்வார். அவரை அடக்கிவைப்பது எம்.டி.எம்.2 என்ற நொதியம். பி53 மீது அழிப்புக் குறி போடுவது அதன் தொழில். அந்த எம்.டி.எம்.2 தானும் குறி விழுந்து அழியக்கூடியதே. ஆனால் யூ.எஸ்.பி.7 அதன் குறியைத் துடைத்து அதைக் காப்பாற்றுகிறது. எம்.டி.எம்.2 நிலைத்தால் பி53 அழியும். காவலரை அடக்குபவருக்கு ஒரு காவலர் என்று இதைச் சொல்லலாம். ஈரல் புற்றுநோய்க் கட்டிகளில் யூ.எஸ்.பி.7 மிகுந்து காணப்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன.

பூஞ்சணம் பிடித்த கச்சான், சோளம் போன்றவற்றில் உண்டாகும் அஃபிளாரொக்சின் நஞ்சு, பி53 க்கான பரம்பரையலகில் ஒரு குறித்த இடத்தையே பழுதாக்கும். ஆபிரிக்காவிலும் தென்சீனாவிலும் அது பெரிய பிரச்சினை. ஆனால் பெரும்பாலான ஈரல் புற்றுநோய்களில் பி53 இன் பரம்பரையலகு பழுதாகாமலே இருக்கிறது. அங்கே காவலர் ஊனமுற்றவரல்லர், அடக்கப்பட்டவர். அடக்கப்பட்டவரை விடுவிக்க முடியும். மருந்து தேடுவோரின் நம்பிக்கை அங்கேதான்.

இரண்டாவது உதாரணம் யூ.எஸ்.பி.10. முன்னர் சொன்ன யாப் புரதத்தின் குறியைத் துடைத்து, ஈரல் புற்றுநோய்க் கலங்களின் பெருக்கத்தை இது தூண்டுவதாக 2020 இல் ஆய்வொன்று காட்டியது. வேலை முடிந்தும் அகலாத தூண்டுபுரதம் என்று சொன்னேன் அல்லவா, அது அகலாமல் நிற்பதற்கான வழிகளுள் ஒன்று இது.

மூன்றாவது உதாரணத்தில் குறியைத் துடைக்கவே தேவையில்லை. ஈரல் புற்றுநோய்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கில் பீற்றா கற்றெனின் என்ற புரதத்தின் பரம்பரையலகு பழுதாகியிருக்கும். பழுது விழும் இடம், குறி போடுவதற்கு அடையாளமாக இருக்கும் அதே இடம். மதிலில் பெயின்ர் ஒட்டவே மாட்டாது. வழிகள் வெவ்வேறு, முடிவு ஒன்று: அழிய வேண்டிய புரதம் அழிய மறுக்கிறது, கலம் பெருகிக்கொண்டே போகிறது.

மருந்து ஏன் இன்னும் வரவில்லை?

"அப்படியென்றால் அந்த நொதியங்களை நிறுத்திவிடலாமே" என்று முன்வரிசைப் பிள்ளைகள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. நியாயமான எண்ணம். புரோற்றியசோமையே முடக்கும் போர்ட்டெசொமிப் என்ற மருந்து 2003 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. மயலோமா என்னும் என்பு மச்சைப் புற்றுநோயில் அது நன்கு வேலை செய்கிறது. ஈரல் புற்றுநோயில் அத்தகைய பலன் தரவில்லை. ஊரிலுள்ள பெக்கோக்கள் எல்லாவற்றையும் நிறுத்துவதும், குறியைத் துடைக்கும் ஒருவரைப் பிடிப்பதும் ஒன்றல்லவே.

குறிப்பிட்ட ஒரு நொதியத்தை மட்டும் பிடிப்பது கடினம். ஏறத்தாழ நூறு நொதியங்களில் பெரும்பாலானவற்றின் வெட்டும் வாய் ஒன்றையொன்று ஒத்தது. ஒன்றுக்குச் செய்த சாவி மற்றதையும் திறந்துவிடும். யூ.எஸ்.பி.7 ஐ மட்டும் திட்டமாகத் தடுக்கும் மூலக்கூறுகள் 2017 இலேயே வெளிவந்தன. இன்னொரு நொதியமாகிய யூ.எஸ்.பி.1 ஐத் தடுக்கும் மருந்துகள் வேறு புற்றுநோய்களுக்காக மனிதரில் ஆரம்பகட்டச் சோதனையில் உள்ளன.

அதைவிடப் பெரிய சிக்கல், ஒரே நொதியம் இரு முகங்காட்டுவது. யூ.எஸ்.பி.10 யாப்பைக் காத்துப் புற்றுநோயை வளர்க்கிறது என்றேன். 2018 இல் வெளிவந்த வேறோர் ஆய்வு, அதே யூ.எஸ்.பி.10, வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் வேறு புரதங்களைக் காத்து ஈரல் புற்றுநோயை அடக்குவதாகச் சொன்னது. இரண்டும் உண்மையாக இருக்கலாம். எந்தக் கலத்தில் எந்தப் புரதத்தின் குறி துடைக்கப்படுகிறது என்பதிலேயே எல்லாம் தங்கியுள்ளது. சில்ட் என்ற இன்னொரு நொதியத்தை எடுத்துக்கொண்டால், சுண்டெலியின் ஈரலில் அதை நீக்கியபோதுதான் அழற்சியும் தழும்பும் புற்றுநோயும் வந்தன. ஆகவே "குறியழிப்பவை எல்லாம் எதிரி" என்று ஒரே வலை வீச முடியாது. இணையத்தில் "புற்றுநோயின் இரகசிய நொதியம் கண்டுபிடிப்பு" என்று செய்தி வரும்போது இதை நினைவில் வைத்திருங்கள். எனது நோயாளரின் பிள்ளைகள் இத்தகைய செய்திகளைத் தொலைபேசியில் காட்டி, "இந்த மருந்து வெளிநாட்டில் வாங்கலாமோ?" என்று கேட்கும்போது, இன்னும் இல்லை என்று சொல்வது இலகுவான காரியமல்ல.

முற்றிய ஈரல் புற்றுநோய்க்கு மருந்தே இல்லை என்று எவரும் எண்ணிவிடவும் கூடாது. 2007 இல் வந்த சொராஃபெனிப் ஆயுளைச் சராசரியாக மூன்று மாதங்களே கூட்டியது. 2020 இல் வந்த நோயெதிர்ப்புச் சிகிச்சை அதைவிட நல்ல பலனைத் தருகிறது. ஆனால் கட்டி சிறிதாக இருக்கும்போது பிடிபட்டால் வெட்டியகற்றலாம், சுட்டழிக்கலாம், சிலருக்கு ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சையும் செய்யலாம். அதற்கு ஈடான மருந்து இன்றுவரை இல்லை.

அக்காமாருக்கும் தங்கைமாருக்கும்

ஆகவே அக்காமாருக்கு முதலில் சொல்கிறேன். நீரிழிவு, அதிக உடற்பருமன் உள்ளவர்கள் கொழுப்பு ஈரல் இருக்கிறதா, இருந்தால் தழும்பு தொடங்கிவிட்டதா என்று வைத்தியரிடம் கேளுங்கள். கொழுப்பு ஈரலோடு உடற்பருமனும் உள்ளவர், நிறையில் பத்திலொரு பங்கைக் குறைத்தால் அழற்சி மட்டுமல்ல, தழும்பும் குறையக்கூடும். சிரோசிஸ் என்று சொல்லப்பட்டவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கான் செய்தே ஆக வேண்டும், நோவு இல்லாவிட்டாலும். நோவு வரும்வரை காத்திருப்பதுதான் எமது பெண்கள் செய்கின்ற காரியம். பூஞ்சணம் மணக்கும் கச்சானைக் கழுவி வறுத்துச் சாப்பிட வேண்டாம், எறிந்துவிடுங்கள். வறுத்தாலும் அந்த நஞ்சு முற்றாகப் போகாது. கோப்பி குடிப்போரில் ஈரல் புற்றுநோய் குறைவாகக் காணப்படுகிறது என்பது பல ஆய்வுகளில் தெரிந்த விடயம். சிரிக்கிறீர்கள். சீனியை அள்ளிப் போட்ட கோப்பியை நான் சொல்லவில்லை. மேலும், அயலில் ஒரு பெண்ணுக்கு ஈரல் வருத்தம் என்று கேள்விப்பட்டால், அவர் குடித்தாரா என்று ஆராயாதீர்கள். அந்த ஆராய்ச்சியால் ஸ்கானுக்குப் போகாமல் நின்றவர்களை நான் அறிவேன்.

தங்கைமாருக்கு ஒரு வார்த்தை. உயர்தரத்தில் உயிரியல் எடுத்தால் டொக்டராக வேண்டும் என்பதே எமது வீடுகளில் எழுதாத சட்டம். நான் அந்தச் சட்டத்தின்படியே நடந்தேன், அதில் வருத்தமில்லை. ஆனால் நான் எழுதும் மருந்துச் சீட்டு ஒவ்வொன்றும், மருத்துவரல்லாத யாரோ ஒருவர் ஆய்வுகூடத்தில் பல ஆண்டுகள் கழித்ததன் பயன். நூறு நொதியங்களில் எது எந்தப் புரதத்தைக் காக்கிறது என்ற கணக்கு இன்னும் முடியவில்லை. அந்தக் கணக்கைச் செய்ய விருப்பமுள்ள பிள்ளை ஒருத்தி இந்த மண்டபத்தில் இருந்தால், விஞ்ஞான பீடத்துக்குப் போகிறேன் என்று அவள் சொல்லும்போது வீட்டார் முகம் வாடாமல் இருக்கட்டும். அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் வழிகாட்டக்கூடிய பழைய மாணவியர் இன்று இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். தேநீர் இடைவேளையில் அவர்களைத் தேடிப் பிடியுங்கள். என்னிடம் வந்தாலும் கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்துகிறேன்.